அண்ணன் தொழுவத்தில் ஒரு மாடு

சென்ற இதழிலிருந்து உங்களுக்கு ஒரு வாரம் போயிருக்கிறது. ஜெலகட்டுக்கு ஓர் இரவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே அவளை எங்கே விட்டோமோ அங்கேயேதான் நிற்கிறாள். கழுத்தில் அவளுடைய பணியாளர் அட்டை இல்லை. பார்வையாளருக்குத் தரும் மஞ்சள் அட்டை தொங்குகிறது.

எல்டோரெட் நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் மருந்தாளர். அந்தக் கண்ணாடிக்கு உட்புறம் படுத்திருப்பவர்களில் யாருக்கு எந்த மருந்து எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் அவள் வேலை. இப்போது அங்கே படுத்திருப்பது அவள் தம்பி கிப்தானுய். அதனால் வேலை கைமாறிவிட்டது. சொந்த ரத்தத்துக்கு மருந்துக் கணக்குப் போடக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள்.

முந்தாநாள் வரை அவளோடு ஒரே தட்டில் மந்தாசி பிய்த்துத் தின்ற நர்ஸுகள், "போலே, ஜெலகட்" என்று தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நின்றால் அவள் ஏதாவது கேட்பாள், பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்களின் சொந்தக்காரர்களிடம் அவளும் இப்படித்தான் விலகி நடந்திருக்கிறாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கிப்தானுய்க்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவள் கடைசித் தங்கை செரோனோ. அதன் பிறகு அவன் கப்சபெட்டில் மாவு மில்லை ஓட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கேலி பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். உடம்பு அந்நியச் சிறுநீரகத்தை விரட்டாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீட்டில் குடியிருப்பது போல. திருடன் வராதவரை தொல்லையில்லை. இந்த வாரம் வந்துவிட்டான். ரத்தத்தில் கிருமி. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமி.

காலைப் பார்வை நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அந்த இடம் மனைவி ராயெலுடையது. அவள் தன் நேரத்தில் கொஞ்சத்தை நாத்தனாருக்கு விட்டுக்கொடுத்தாள்.

கிப்தானுய்யின் முகம் அவன் முகமாக இல்லை. வாயில் குழாய். அவனுக்காக இயந்திரம் மூச்சு விட்டது. ஜெலகட் போர்வையை விலக்கி, அவன் கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது.

அந்தக் குழியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் நிறைய இருக்கிறது. கிருமியின் நஞ்சு பரவும்போது ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்த அழுத்தம் விழும். அதைத் தூக்கி நிறுத்த உப்புநீர் ஏற்றுவார்கள். ஏற்றிய நீரும் குழாய்க்குள் நிற்காமல் தோலுக்கடியில் போய்த் தேங்கும். கிப்தானுய் இப்போது பழைய கிப்தானுய்யோடு ஒரு பெரிய பானைத் தண்ணீரும் சேர்ந்தவன். உள்ளே போகும் எந்த மருந்தும் அந்தத் தண்ணீர் முழுவதிலும் பரவியாக வேண்டும்.

அவள் கண் தானாக மருந்துப் பம்பின் பக்கம் போனது. நர்ஸ் மெதுவாக நகர்ந்து வந்து, நடுவில் நின்றுகொண்டாள்.

வெளியே வஃபூலா நின்றிருந்தான். இந்தப் படுக்கைக்கு இப்போது அவன்தான் மருந்தாளர். ஜெலகட்டிடம் வேலை பழகியவன். சங்கடம் வந்தால் வேடிக்கை பேசுவான்.

"நீங்க இப்ப விசிட்டர்க்கா. விசிட்டர்னா பெஞ்சுல உக்காந்து அழணும். இல்லைன்னா பிளாஸ்க்ல டீ கொண்டு வரணும். டோஸ் எவ்வளவுன்னு கேக்கக் கூடாது."

"டீ கொண்டு வரேன். டோஸைச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. குடும்பத்தாருக்குச் சொல்லலாம் என்று இருப்பதை மட்டும் சொல்கிறேன் என்று தொடங்கினான். நேற்று மாலை ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. கையிருப்பில் உள்ள மருந்துகளில் இந்தக் கிருமி பயப்படுவது அமிகாசின் ஒன்றுக்குத்தான். இதைவிடப் புதிய மருந்து நைரோபியிலிருந்து வர இரண்டு நாளாகும். அதுவரை தாங்காது. அமிகாசின் சிறுநீரகத்தைக் கடிக்கக்கூடியது என்பது தெரிந்தும் பணியிலிருந்த இளம் டாக்டர் முழு அளவு எழுதத்தான் பேனாவை எடுத்தார். ராயெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னா?"

வஃபூலா தரையைப் பார்த்தான். "'கிட்னி இரவல், டாக்டர். மருந்தைக் கொறைச்சுப் போடுங்க'ன்னாங்க. அவரும் பயந்து பாதி போட்டுட்டார்."

ஜெலகட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த வாக்கியம் அவளுடையது. ஆபரேஷன் முடிந்து தம்பி வீட்டுக்கு வந்த நாளில், சமையலறையில் எல்லோரையும் நிற்க வைத்து அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்தாள். தலைவலி மாத்திரைக்கும், கடைத்தெரு கிளினிக்குகளுக்கும் அது நல்ல பாடம். நான்கு ஆண்டுகள் அந்தப் பாடம் கிப்தானுய்யைக் காப்பாற்றியது. நேற்று மாலை அதே பாடம் வழியை மறித்து நின்றது.

காலையில் தலைமை டாக்டர் நியாபோக்கே வந்து பார்த்திருக்கிறார். பாதி அளவு போதவே போதாது, முழு அளவுக்கும் கொஞ்சம் மேலேயே வேண்டும் என்றிருக்கிறார். ரத்தத்தில் நேற்றைய மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற கணக்கு மதியம் வரும், வந்ததும் கொடுக்கலாம் என்று ராயெலிடம் விளக்கியிருக்கிறார். ராயெல் தலையாட்டவில்லை. செரோனோவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

வஃபூலா லுஹ்யாக்காரன், வேறு இனம். அவனுக்கு அது புரியவில்லை. "நோயாளியோட மனைவி சம்மதிச்சா போதாதா?" என்றான். ஜெலகட்டுக்குப் புரிந்தது.

ஜெலகட்டின் நந்தி இனத்தில் ஒருவருடைய மாட்டை இன்னொருவர் தொழுவத்தில் விட்டு வைப்பது வழக்கம், நம் ஊரில் வாரத்துக்கு விடுவது போல. பாலைக் கறந்து குடிக்கலாம். சாணியை அள்ளிக்கொள்ளலாம். ஆனால் மாடு விட்டவருடையது. அதற்குச் சீக்கு வந்தாலும், விற்க வேண்டி வந்தாலும், முதலில் சொல்லியனுப்ப வேண்டியது அவருக்குத்தான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கிப்தானுய் பேசிய முதல் வேடிக்கையே அதுதான்: "செரோனோ தன்னோட மாட்டை என் தொழுவத்துல கட்டிட்டா. பால் எனக்கு. மாடு அவளுது." எல்லோரும் சிரித்தார்கள். ராயெல் சிரித்துவிட்டு, அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு பரிசோதனை முடிவும் முதலில் செரோனோவுக்குத்தான் போகும்.

ஆக, ஒரு தம்பியின் உயிர் இப்போது கப்சபெட்டிலிருந்து வரும் ஒரு மட்டாட்டு வேனுக்காகக் காத்திருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செரோனோ உச்சிவேளைக்கு முன்பே வந்துவிட்டாள். பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. வேலையிலிருந்து அப்படியே கிளம்பியிருந்ததால் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ராயெலைக் கட்டிக்கொண்டாள். அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

ஜெலகட் அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். இரண்டு டீ வந்தது. யாரும் தொடவில்லை.

"நாலு வருஷமா கொறை, கொறைன்னு சொன்ன," என்றாள் செரோனோ. "டாக்டர் கூட்டணுங்கறாராம், இன்னைக்கு நீயும் கூட்டு, கூட்டுங்கப் போற. நான் எந்த அக்காவை நம்பறது?"

ஜெலகட் டீ டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுக்குப் பேச்சு வருவது எப்போதும் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டால்தான்.

"உன் நிலையத்துல லாக்டோமீட்டர் எதுக்கு விடற?"

"எவன் பால்ல தண்ணி ஊத்தியிருக்கான்னு பாக்க."

"தம்பி உடம்புலயும் தண்ணி ஊத்தியிருக்கு. பத்து லிட்டருக்கு மேல."

செரோனோவின் வாய் ஓரம் லேசாக நெளிந்தது. "அப்ப லாக்டோமீட்டர் விட்டா அடிக்கே போயிடும்னு சொல்லு." உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெலகட் சொல்ல ஆரம்பித்தாள். இந்த டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. இதையே பெரிய பானையில் ஊற்றித் தண்ணீரால் நிரப்பினால் அதே இரண்டு கரண்டி இனிக்குமா? முதல் டோஸ் என்பது அவ்வளவுதான். அதற்குச் சிறுநீரகத்தின் கணக்கே கிடையாது. உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கணக்கு. சிறுநீரகம் வேலைக்கு வருவது அதற்குப் பிறகு, மருந்தை வெளியே தள்ளும்போது. அது மெதுவாகத் தள்ளினால் இரண்டாவது டோஸைத் தள்ளிப்போட வேண்டும். முதலாவதைக் குறைக்கக் கூடாது. "இவ்வளவு நாளா நான் உங்களுக்குச் சொன்னது ரெண்டாவது டோஸோட பாடம். முதல் டோஸோட பாடத்தைச் சொல்லித் தரவே இல்ல. தேவைப்படும்னு நினைக்கல."

செரோனோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கும்போது அசைய மாட்டாள்.

"பாதி பாதியா குடுத்தா என் கிட்னி தப்பிக்குமா? அதை மட்டும் சொல்லு."

"தப்பிக்காது." ஜெலகட் இதை எளிமையாகச் சொல்ல வழி தேடினாள். "உங்க நிலையத்துக்கு ஒரே கேட்டு. நூறு பேர் கூட்டமா வந்துட்டு சட்டுனு போயிட்டா, உள்ள நுழையறது கொஞ்சம் பேர்தான். ஆனா பத்து பேர் நாள் முழுக்க கேட்டுலயே நின்னா?"

"பத்து பேரும் உள்ள வந்துடுவாங்க."

"கிட்னிக்குள்ள இந்த மருந்து போறதும் அப்படித்தான். பெரிய டோஸ் ஒரே தடவை வந்துட்டுப் போனா அடி குறைவு. கொஞ்சம் கொஞ்சமா நாள் கணக்கா நின்னாதான் அடி அதிகம். பாதி போட்டா கிருமி சாகாது. நாள் இழுக்கும். அதுக்குள்ள ரத்த அழுத்தம் விழுந்து விழுந்தே கிட்னி செத்துடும். அவனும் போயிடுவான்."

"முழுசா குடுத்தா ரெண்டும் பிழைக்குமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன்."

செரோனோ டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்து டம்ளர் ஓரத்தில் தடவினாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "உனக்கு நல்லா விளக்கத் தெரியும்க்கா. குடுத்தது நான்."

நான்கு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகம் தர முதலில் கையை நீட்டியவள் ஜெலகட்தான். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, உங்களுடையது வேண்டாம் என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பினார்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. செரோனோ வீடு திரும்பிய நாளில் பெண்கள் வாசலில் பாடினார்கள், சுரைக்குடுவையில் முர்சிக் என்ற புளித்த பாலைக் கொடுத்தார்கள். ஜெலகட் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள். யாராவது தூக்க வேண்டுமே.

டாக்டர் நியாபோக்கே பேச்சை நின்றுகொண்டே கேட்பவர். நேற்றைய மருந்து ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற கணக்கு அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. செரோனோ அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாடு என்னுதுதான், டாக்டர். தொழுவம் எரியறப்ப மாட்டை மட்டும் எப்படிக் காப்பாத்தறது? முழுசாவே குடுங்க."

ராயெல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செரோனோ அவளை அணைத்துக்கொண்டாள். டாக்டர் வஃபூலாவைப் பார்த்தார். வஃபூலா ஓடினான். நடைக்கூடத்தில் ஜெலகட்டுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை.

பூட்ஸோடு உள்ளே போக முடியாது. செரோனோ அவற்றைக் கஷ்டப்பட்டு இழுத்துக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, வார்டின் பிளாஸ்டிக் செருப்பில் நுழைந்துகொண்டாள். ராயெல் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். அன்று பிற்பகல் முழுவதும் படுக்கை அருகே உட்கார்ந்தது செரோனோதான்.

ஜெலகட் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். மருந்துப் பை தொங்கியது. துளித் துளியாக இறங்கி முடிந்தது. இனி கொஞ்ச நேரம் விட வேண்டும், மருந்து அந்தத் தண்ணீர் முழுவதிலும் பரவும்வரை. பிறகு ரத்தம் எடுத்து, உச்சியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து ரத்தம் எடுத்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் மருந்தும் சேர்ந்து வந்துவிடும். அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும். அதை நம்பி அடுத்ததைக் குறைத்துவிடுவார்கள்.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். மருந்து ஏறிய கையின் பக்கமே நின்றாள். ஜெலகட்டின் விரல்கள் கண்ணாடியைத் தட்ட எழுந்து, பாதியில் நின்றன. உள்ளே வஃபூலா எதையும் காட்டிக்கொள்ளாமல் படுக்கையைச் சுற்றி மறுபக்கம் போய், மருந்து ஏறாத கையைத் தானே விரித்துப் பிடித்தான். நர்ஸ் சுற்றி வந்தாள். கண்ணாடி வழியாக அவன் ஜெலகட்டைப் பார்த்துப் புருவத்தை ஒருமுறை உயர்த்தினான்.

அன்று முழுவதும் அவளிடம் யாரும் அதைவிட நீளமாக ஆறுதல் சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கணக்கு வந்தது. மருந்து வேண்டிய உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்குள் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தையும் டாக்டர் ஒரு படி குறைத்திருந்தார். பெரிய செய்தியில்லை, ஆனால் இரண்டு நாளில் குறைத்தது இதுவே முதல்முறை. ராயெல் வாசலில் மண்டியிட்டு ஜெபித்தாள். செரோனோ உள்ளிருந்து அவளுக்குக் கை காட்டினாள். இருவரும் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள். ஜெலகட் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள்.

இனி நாளைய டோஸை முடிவு செய்யப்போவது டாக்டரும் இல்லை, வஃபூலாவும் இல்லை. செரோனோ கொடுத்த அந்தச் சிறுநீரகம்தான். இரவு முழுக்க அது மருந்தை வெளியே தள்ளினால் நாளை அடுத்தது போகும். தள்ளாவிட்டால் காத்திருக்க வேண்டும். படுக்கைக்கடியில் தொங்கிய பையில் சிறுநீர் கறுத்து, குறைவாக, ஆனால் வந்துகொண்டிருந்தது. செரோனோ பிற்பகல் முழுவதும் அண்ணன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பையைத்தான் அதிகம் பார்த்தாள். தன் உடம்பின் ஒரு துண்டு இன்னோர் உடம்பில் பாடுபடுவதை.

பார்வை நேரம் முடிந்தது. செரோனோ வெளியே வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேன்டீனில் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவள் குனிந்து பூட்ஸை இழுத்துக் காலை நுழைத்தாள். ஏறவில்லை. எழுந்து நின்று அழுத்திப் பார்த்தாள். மதியம் கழன்ற பூட்ஸ் இப்போது காலில் ஏறவில்லை.

"விடு, நான் பாக்கறேன்."

"வேணாம்க்கா."

ஜெலகட் அதற்குள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாக்ஸை இறக்கினாள். அதன் ரப்பர் பதிந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல ஆழமாக ஒரு வளையம். நாள் முழுக்க நின்றாலும் உட்கார்ந்தாலும் கால் இப்படி வீங்கலாம். அவளுக்கு அதுவும் தெரியும். கட்டைவிரலை எலும்பின் மேல் வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

குழி நின்றது.

காலையில் இதே விரலால் பார்த்த அதே குழி. ஒற்றைச் சிறுநீரகத்தோடு நான்கு ஆண்டுகளாகப் பால் கேன் தூக்கும் கால் இது. அந்த ஒன்றும் தளர்ந்தால் நீர் இப்படித்தான் காலில் தேங்கும்.

"எத்தனை நாளா?"

"காலைல நிலையத்துல நின்னுக்கிட்டே இருந்தேன். அதான்."

"செரோனோ. எத்தனை நாளா?"

செரோனோ கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே விளக்கு போட்டிருந்தார்கள். ராயெல் இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாக்ஸை மேலே இழுத்து அந்த வளையத்தை மறைத்தாள்.

"அவன் முதல்ல எழுந்திரிக்கட்டும்க்கா," என்றாள். "அண்ணிகிட்ட சொல்லாத."